இரண்டு மாதத்துக்கு ஓர் ஆள்

இத்தாலியின் பலெர்மோவில் இருக்கும் எங்கள் சனங்கள் வீடு என்று சொன்னால், தாங்கள் படுத்தெழும்பும் இடத்தைச் சொல்கிறார்கள் என்று நினைத்துவிடக் கூடாது. எத்தனை பேர் அடைந்து கிடந்தாலும் அதற்கு அறை என்றுதான் பெயர். வீடு என்பது வேலை செய்யும் வீடு. "எனக்கு மூண்டு வீடு" என்று ஒருத்தி சொன்னால், மூன்று இடத்தில் தரை துடைத்து, மூன்று இடத்துக் கக்கூசைத் தேய்த்து, முழங்காலைத் தொலைத்துவிட்டு நிற்கிறாள் என்று விளங்கிக்கொள்ள வேண்டும்.

சறோஜாவுக்கு ஒரே ஒரு வீடு. ஆனால் பல பேர் கண் வைத்த வீடு. வசதியானவர்கள் இருக்கும் பொலிதேயாமாப் பக்கத்தில் நாலாம் மாடி. ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருத்தி, அவள்தான் சிஞ்ஞோரா, எசமானியம்மா. படுக்கையோடு கிடக்கும் அவளுடைய தாய். வேறு ஆளில்லை. ஞாயிறு லீவு. அரசாங்கத்துக்குக் கட்டவேண்டியதை ஒழுங்காகக் கட்டி, வேலைக்காரியின் பெயரைப் பதிந்து வைத்திருக்கும் வீடு. அதைக் காட்டித்தான் பொலிஸ் தலைமையகமான குவெஸ்தூராவில் சறோஜாவின் பெர்மெஸ்ஸோவை, அதாவது நாட்டில் இருப்பதற்கான அனுமதிக் காகிதத்தை, புதுப்பிக்க முடியும். வருகிற மாரிக்கு முன்னர் அது முடிகிறது. வீடு போனால் பெர்மெஸ்ஸோ போகும். பெர்மெஸ்ஸோ போனால் மன்னாரிலிருந்து இவ்வளவு தூரம் வந்ததே வீண்.

அந்த வீட்டை விட்டு இரண்டு மாதம் விலகி இருக்கவேண்டும் என்று தொண்ணூற்றாறாம் ஆண்டு தை மாதத்தில் ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். கர்ப்பப்பையில் கட்டி. வெட்டி எடுத்தால்தான் இரத்தப்போக்கு நிற்கும். பிறகும் பாரம் தூக்கக் கூடாது.

இதற்கென்று எங்கள் சனத்திடம் ஒரு முறை இருந்தது. ஊருக்குப் போகிறவளோ பிள்ளை பெறப் போகிறவளோ தன் இடத்துக்குத் தானே ஓர் ஆளை விட்டுவிட்டுப் போகவேண்டும். விடாவிட்டால் சிஞ்ஞோரா வேறு யாரையாவது பிடித்துக்கொள்வாள். விட்டாலும் கரைச்சல். விட்டவள் கெட்டிக்காரியாக இருந்து சிஞ்ஞோராவுக்குப் பிடித்துப்போனால், திரும்பி வருகிறவளுக்குக் கதவு திறக்காது. அதை "வீட்டைக் கடிக்கிறது" என்பார்கள். குகனேஸ்வரியின் வீட்டைச் செலஸ்ரீனா கடித்த கதை, எங்கள் சனம் குடியிருக்கும் அல்பெர்கேரியா முழுக்கத் தெரியும். அதன்பிறகு சொந்தச் சகோதரியை விடுவதற்கும் பெண்கள் பயந்தார்கள்.

அந்தச் சனிக்கிழமை பின்னேரம் சறோஜா குசினியில் குந்தியிருந்து, பல்லாறோச் சந்தையில் வாங்கிய சூடை மீனின் தலைகளைத் திருகிக்கொண்டிருந்தாள். அடிவயிற்றைத் துண்டால் இறுக்கிக் கட்டியிருந்தாள். ஜன்னலுக்குக் கீழே வியாபாரிகள் தொண்டை கிழியக் கத்திக் கூறிக்கொண்டிருந்தார்கள். மழைக்கால ஈரத்தில் சுவர் சுண்ணாம்பு உதிர்ந்து சோற்றுப்பானை மூடிமேல் கிடந்தது. புருசன் ஏர்னஸ்ற் வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்றினான். அவனுக்கு அடுக்குமாடிகளின் படிக்கட்டுக் கழுவுகிற வேலை. கையெல்லாம் குளோரின் மணம்.

"என்ன யோசிச்சு வைச்சிருக்கிறாய்?" என்றான்.

"எதைப்பற்றி?"

"எதைப்பற்றியோ? வாற கிழமை ஆஸ்பத்திரி. ஆளைக் கொண்டுவந்து காட்டச் சொல்லி சிஞ்ஞோரா கேட்டவவெல்லே."

"கேட்டவ."

"பிறகென்ன? வீட்டுக்குள்ளையே ஆள் கிடக்கு. றோசமலரைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டு."

றோசமலர் ஏர்னஸ்ற்றின் தங்கை. போன கோடையில் வந்தவள். முன்னறையில் பாய் போட்டுப் படுக்கிறாள். வீடுமில்லை, பெர்மெஸ்ஸோவுமில்லை.

"உங்கடை தங்கச்சிக்கு ஒண்டுமில்லை," என்றாள் சறோஜா.

"அதுக்குத்தானே சொல்லுறன். புதுச் சட்டம் வந்திருக்கு. பங்குனி முடியிறதுக்குள்ளை ஆரும் ஒரு சிஞ்ஞோரா கையெழுத்து வைச்சுக் கட்டவேண்டியதைக் கட்டினால், காகிதம் இல்லாத ஆக்களுக்கும் பெர்மெஸ்ஸோ குடுக்கிறாங்கள்."

"அதுக்குத்தான் நானும் சொல்லுறன். கையெழுத்து வைச்சுட்டா அவள்தான் அந்த வீட்டு ஆள். பிறகு நான் ஆர்?"

"அவள் அப்பிடிச் செய்வாளே? என்ன கதை கதைக்கிறாய்?"

"செலஸ்ரீனா செய்வாள் எண்டு குகனேஸ்வரி அக்கா நினைச்சவவே? ஒரு கோப்பையிலை சாப்பிட்ட ஆக்கள் அவை."

"அப்ப ஆரைத்தான் விடப்போறாய்?"

சறோஜா மீன் தண்ணீரை ஊற்றிவிட்டுச் சொன்னாள். "கீழை இருக்கிற கானாக்காரியை. அபெனாவை."

ஏர்னஸ்ற் சிரித்தான். "உனக்கென்ன விசரே? அந்தப் பக்கத்துச் சிஞ்ஞோராமார் ஆபிரிக்காக்காரரைக் கண்டால் கைப்பையை இறுக்கிப் பிடிக்கிற சாதி. வீட்டுக்கை அடுக்குவினமே?"

"ரெண்டு மாசத்துக்கு அடுக்குவா. நான் கெஞ்சிக் கேட்டால் அடுக்குவா. அதுக்கு மேலை வைச்சிருக்கமாட்டா. என்ரை காலடிச் சத்தம் எப்ப கேக்கும் எண்டு இருப்பா. எனக்கு அதுதானே வேணும்."

சொல்லி முடித்துவிட்டு நிமிர்ந்தபோது வாசலில் றோசமலர் நின்றாள். ஒரு கையில் பாண், மறு கையில் சறோஜாவின் மகள் றெபேக்காவின் பள்ளிக்கூடப் பை. எவ்வளவு நேரமாக நின்றாளோ தெரியாது. பாணை மேசையில் வைத்தாள். சறோஜாவின் முன்னால் இருந்த மீன் சட்டியை எடுத்துக்கொண்டு போய்க் கழுவினாள். அன்றிலிருந்து அவள் மச்சாளோடு கதைக்கவில்லை.

கட்டடத்தின் அடித்தட்டில், தெருவோடு ஒட்டிய ஒற்றை அறையில் அபெனா இருந்தாள். ஜன்னல் கிடையாது, கதவைத் திறந்தால் வெளிச்சம், சாத்தினால் இருட்டு. சறோஜா போனபோது அவள் சோள மாவைப் புளிக்கவைத்து, சோளப் பொத்திமடலில் சுற்றிச் சுற்றிப் பெரிய பானையில் அடுக்கிக்கொண்டிருந்தாள். கெங்கே என்பார்கள், ஞாயிற்றுக்கிழமைகளில் அவளுடைய நாட்டுக்காரர் வந்து வாங்குவார்கள். அவளுக்கும் சறோஜாவுக்கும் பொதுவாக இருந்தது சந்தையில் பொறுக்கிய இத்தாலியன் மட்டுந்தான். அதில் மரியாதைக்கோ சுற்றிவளைப்புக்கோ சொல் கிடையாது.

"பொலிதேயாமாவில் வேலை. என் வீடு. இரண்டு மாதம்," என்றாள் சறோஜா. "பிறகு நான் வருவேன்."

அபெனா கை வேலையை நிறுத்தாமல் பார்த்தாள். "உனக்கு ஆட்கள் இருக்கிறார்கள். மேலே அந்தப் பெண் இருக்கிறாள்."

"அவளுக்கு மொழி தெரியாது."

"எனக்கும் தெரியாது."

"கிழவியைத் தூக்கவேண்டும். நீ பலசாலி."

அபெனா கடைசி மடலை முடிச்சுப்போட்டுப் பானைக்குள் வைத்து மூடினாள். பிறகு கையைத் துடைத்துவிட்டு, "வருகிறேன்," என்றாள். சந்தோஷப்படவில்லை. நன்றியும் சொல்லவில்லை. சறோஜாவுக்கு அது கொஞ்சம் கடுப்பாகவே இருந்தது.

ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முந்தின நாள் சந்தையில் பெருஞ்சீரகக் கிழங்குக் குவியலடியில் குகனேஸ்வரியைக் கண்டாள். யாழ்ப்பாணத்து மனிசி, வீடு பறிபோனதிலிருந்து ஸ்தாசியோனே சென்ட்ராலே ரயில் நிலையத்துக்குப் பின்னால் ஒரு விடுதியில் கட்டில் விரிப்பு மாற்றுகிறாள்.

"கானாக்காரியையோ விடுறாய்?" என்றாள். "கெட்டித்தனந்தான். ஆனா பிள்ளை, எல்லாத்தையும் காட்டிக் குடுத்திடாதை. ஒண்டைக் கையுக்கை வைச்சுக்கொள்."

"என்னத்தை?"

"அந்த வீடு நீ இல்லாமல் ஓடாது எண்டு சிஞ்ஞோராவுக்குத் தெரியவேணும். நான் ஊசி நூல் கிடக்கிற இடம் வரைக்கும் செலஸ்ரீனாவுக்குக் காட்டினனான். பாத்தியே என்ரை கோலத்தை."

அன்று பின்னேரமே சறோஜா அபெனாவைக் கூட்டிக்கொண்டு போய் எல்லாம் காட்டினாள். கிழவியை எப்படிப் புரட்டுவது, எந்தச் சவர்க்காரம், எந்தத் துணி தரைக்கு, எது கண்ணாடிக்கு, கோப்பிக்கு எவ்வளவு சீனி. சிஞ்ஞோரா வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்று, அபெனாவின் சப்பாத்திலிருந்து தலைவரைக்கும் பார்த்தாள். "இரண்டு மாதந்தானே, ஸாரா?" என்றாள். சறோஜாவின் பெயர் அந்த வீட்டில் அவ்வளவுதான். "இரண்டே மாதம் சிஞ்ஞோரா," என்றபோது சறோஜாவுக்கு உள்ளுக்குள் ஆறுதலாக இருந்தது.

ஒன்றை மட்டும் அவள் காட்டவில்லை. பலெர்மோவில் தண்ணீர் நினைத்தபடி வராது. ஒருநாள் விட்டு ஒருநாள், விடிகிற நேரத்தில் கொஞ்சமாக வரும். பின்பக்க பல்கனி அலுமாரிக்குள் ஒரு மோட்டர் இருக்கிறது. காலையில் வந்ததும் அதைப் போட்டால்தான் மொட்டைமாடித் தாங்கிக்குத் தண்ணீர் ஏறும். சிஞ்ஞோரா அந்தப் பக்கம் எட்டிப்பார்ப்பதில்லை. அலுமாரியைக் கடந்து போகும்போது, "இதுக்குள்ளே பழைய வாளிகள்," என்று சொல்லிவிட்டுச் சறோஜா நடந்தாள். ஒரு நாள் குழாய் காயட்டும். அப்போது தெரியும் ஸாராவின் அருமை.

ஒப்பரேசன் ஒழுங்காக முடிந்தது. ஆனால் அறைக்கு வந்தபிறகு படி ஏறிய களையே ஒரு கிழமைக்குத் தீரவில்லை. இருமினாலும் வலி, சிரித்தாலும் வலி. சிரிப்பதற்கு ஒன்றும் இருக்கவில்லை என்பது வேறு கதை. றோசமலர் பத்தியம் சமைத்தாள். மிளகும் சீரகமும் அரைத்து, உள்ளியை உரித்துப்போட்டு, சந்தையில் தேடிப்பிடித்த சின்ன மீனில் சரக்குக்கறி வைத்து, சோற்றைக் குழையவிட்டுக் கொண்டுவந்து கட்டிலடியில் வைப்பாள். ஒரு சொல் பேசமாட்டாள். கோப்பையை எடுக்க வருவாள், எடுத்துக்கொண்டு போவாள். அந்தக் கறி அவ்வளவு நல்லாக இருந்தது. சறோஜா கூசிக்கொண்டே கோப்பையை வழித்துத் தின்றாள்.

"மச்சாளோடை ஒரு சொல்லுக் கதைச்சால் என்னடி?" என்று ஏர்னஸ்ற் ஒருநாள் கேட்டான்.

"அவவுக்கு மொழி தெரிஞ்ச ஆக்கள் கீழை இருக்கினம்தானே அண்ணை," என்றாள் றோசமலர். அப்படியென்றால் படிக்கட்டில் நின்று அதையும் கேட்டிருக்கிறாள், அந்த இத்தாலியன் அவளுக்கு விளங்கியுமிருக்கிறது.

உயிர்த்த ஞாயிறுக்கு முந்திய தபசுகாலம் தொடங்கிய கிழமை பாதர் கிறிகோரி வருத்தம் பார்க்க வந்தார். தமிழ்ப் பூசை வைக்கிறவர். நல்ல மனுசன், ஆனால் எதைக் கேட்டாலும் பிரசங்கமாக்கிவிடுவார். அந்த வருடம் தபசுகாலக் காணிக்கையோடு ஆபிரிக்காவுக்கு உடுப்புச் சேர்ப்பதென்று கோயிலில் முடிவாகியிருந்தது. அதைச் சொல்லிக்கொண்டிருக்கையில் றெபேக்கா, "பாதர், அம்மாட சிஞ்ஞோரா வீட்டுக்கு இப்ப அபெனா அன்ரிதான் லவோரோவுக்குப் போறா," என்று இத்தாலியனைக் கலந்து போட்டு உடைத்தாள்.

பாதரின் முகம் மலர்ந்தது. "மெய்யே சறோஜா? சொந்தப் பந்தம் எல்லாரையும் விட்டிட்டு ஒரு ஆபிரிக்கச் சகோதரிக்கோ?"

"அப்பிடிப் பெரிசா ஒண்டுமில்லைப் பாதர்."

"இல்லை எண்டு சொல்லுறதுதான் பெரிசு," என்றார் பாதர்.

தேத்தண்ணி கொண்டுவந்த றோசமலர் கோப்பையைக் கொஞ்சம் சத்தமாகவே வைத்தாள்.

அதற்கடுத்த ஞாயிறு அபெனா மேலே வந்தாள். வாழையிலைபோல ஓர் அலுமினியத் தாளை விரித்து மூடிய கோப்பை. உள்ளே மசித்த கிழங்கு, சிவப்பான பனையெண்ணெய் ஊறி, மேலே அவித்த முட்டைகள் முழுசாக. சாவின் வாசல்வரை போய் வந்தவர்களுக்கு அவளுடைய ஊரில் இதைத்தான் கொடுப்பார்களாம். ஆள் திரும்பி வந்தது போதாது, உயிரும் திரும்பி வரவேண்டுமாம்.

"வெட்டின வயிறு. கிழங்கு வாய்வு, முட்டை சூடு. கூடாது," என்றாள் சறோஜா.

"உன் மருந்து ஒரு கை, என் மருந்து ஒரு கை," என்று அபெனா கட்டில் விளிம்பில் அமர்ந்தாள். சறோஜா ஒரு விரலால் தொட்டு நக்கினாள்; பிறகு ஒரு முட்டையையும் சாப்பிட்டாள். வாசலில் நின்று பார்த்த றோசமலரின் முகத்தைக் கவனிக்காதமாதிரி இருந்தாள்.

"வீடு எப்படி?" என்று கேட்டாள். அதைக் கேட்கத்தான் நாலு கிழமையாகக் காத்திருந்தாள்.

"நல்லது."

"தண்ணீர்?"

"தண்ணீர் நல்லது," என்றாள் அபெனா. முகத்தில் ஒன்றுமில்லை.

பேச்சை மாற்றுவதற்காகச் சறோஜா பாதர் உடுப்புச் சேர்க்கும் கதையைச் சொன்னாள். அபெனாவுக்கு முதன்முறையாகச் சிரிப்பு வந்தது. அவளுடைய ஊர்ச் சந்தையில் வெள்ளைக்காரரின் பழைய உடுப்புகள் மூட்டை மூட்டையாக வருமாம். செத்த வெள்ளைக்காரன் சட்டை என்றுதான் அதற்குப் பெயராம். உயிரோடு இருக்கிறவன் இவ்வளவு நல்ல உடுப்பை எறிவானா என்று சனம் கேட்குமாம். அவளுடைய அண்ணன் தையல்காரன். மூட்டைகள் வரத்தொடங்கியபிறகு அவனிடம் யாரும் துணி கொடுப்பதில்லை.

"அப்படியென்றால் உங்கள் ஆட்களுக்கு என்ன வேண்டும்?"

"சோளம் அரைக்கிற மெஷின்," என்றாள் அபெனா. யோசிக்காமல் சொன்னாள், இதற்கு முன் யாரும் கேட்காத கேள்விக்கு நெடுநாளாகப் பதில் வைத்திருந்ததைப்போல. "அரைக்கிறதுக்குப் பெண்கள் தலையில் சுமந்துகொண்டு பக்கத்து ஊருக்கு நடக்கிறார்கள். போனால் அன்றைய நாள் முடிந்தது. என் அம்மாவும் நடக்கிறாள், என் மகளும் நடக்கிறாள். பள்ளிக்கூடம் போகிற நாளில் பாதி அதிலேயே போகிறது. ஊரிலே ஒரு மெஷின் நின்றால் மாவை விற்கலாம், கெங்கே செய்து விற்கலாம். பிறகு யாருடைய சட்டையும் வேண்டாம். நாங்கள் இங்கே இருக்கிற பெண்கள் காசு சேர்க்கிறோம். இன்னும் வந்து சேரவில்லை."

"மகளை எப்போது பார்த்தாய்?"

"நடக்கப் பழகிய நேரம். காகிதம் இல்லாமல் போனால் திரும்ப வர முடியாது." எழுந்து பாவாடையைத் தட்டிவிட்டாள். "இப்போது தலையில் சுமக்கிறாள்."

பங்குனி நடுவில் சறோஜா மெல்ல மெல்ல நடந்து பொலிதேயாமாவுக்குப் போனாள். கடைக் கண்ணாடிகளில் தன் உருவத்தைப் பார்த்தாள், சட்டை தொளதொளத்தது. மின்தூக்கி நாலாம் மாடியில் நின்றது. சிஞ்ஞோராவே கதவைத் திறந்து, இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டு, சாப்பாட்டு மேசையில் இருத்தினாள். அந்த மேசையில் சறோஜா அதுவரை இருந்ததே இல்லை.

"அபெனா மருந்துக்கடைக்குப் போயிருக்கிறாள்," என்றாள் சிஞ்ஞோரா. "ஸாரா, நீ எனக்கு எப்படிப்பட்ட ஆளை அனுப்பினாய் என்று உனக்கே தெரியாது."

சறோஜா மேசை விரிப்பின் ஓரத்தை நேராக்கினாள்.

"முதற்கிழமை. அம்மாவுக்கு வயிற்றுப்போக்கு. நான் வெளியே போயிருந்தேன். குழாயில் ஒரு சொட்டு இல்லை. மின்தூக்கியும் பழுது. நான் வந்து பார்க்கிறேன், இந்தப் பெண் கீழே முற்றத்துக் குழாயில் வாளியை நிரப்பித் தலையில் வைத்து, படியேறி வருகிறாள். எத்தனை தரம் ஏறினாளோ. அம்மாவைக் கழுவி, விரிப்பை மாற்றி, குசினிப் பாத்திரமெல்லாம் நிரப்பி வைத்திருந்தாள். அம்மா அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு தூங்குகிறாள். மோட்டரைப் பற்றி ஸாரா சொல்லவில்லையா என்று கேட்டேன்."

"என்ன சொன்னாள்?"

"'ஸாரா சொன்னாள், நான்தான் மறந்துவிட்டேன், மன்னியுங்கள்' என்றாள். தன் பிழையை இப்படி ஒத்துக்கொள்கிற ஆளை இந்த ஊரில் காட்டு பார்க்கலாம்." சிஞ்ஞோரா அவளுடைய கையைத் தொட்டாள். "ஸாரா, டாக்டர் உன்னைப் பாரம் தூக்க வேண்டாம் என்கிறார். அம்மாவோ நாளுக்கு நாள் பாரமாகிறாள். புதுச் சட்டத்துக்கு நாள் முடிகிறது. போன கிழமை அபெனாவுக்குக் கையெழுத்து வைத்தேன். இரண்டு பேருக்குக் கட்ட என் ஓய்வூதியம் போதாது. உனக்கு ஏற்கெனவே பெர்மெஸ்ஸோ இருக்கிறது, உனக்கு வேறு வீடு கிடைக்கும். நான் நல்லதாக எழுதித் தருகிறேன்."

அபெனாவைப் பிழைகூறவும் வழியில்லை. மோட்டரைப் பற்றி அவள் சொன்னது பொய் என்று கத்தினால், உண்மையில் யார் கிழவியை அழுக்கில் கிடக்கவிட்டது என்று சொல்லவேண்டி வரும். சறோஜா "சரி சிஞ்ஞோரா," என்றாள். ஆறு வருடமாகக் கட்டிய ஏப்பிரனையும் வீட்டுச் செருப்பையும் சிஞ்ஞோரா ஒரு பையில் போட்டுத் தயாராக வைத்திருந்தாள்.

"வீடு போயிட்டுது," என்று ஏர்னஸ்ற்றிடம் சொன்னபோது அவன் சோறு தின்றுகொண்டிருந்தான். கையை உதறி எழும்பவும் இல்லை, ஏசவும் இல்லை.

"றோசமலர் எண்டால் வீடு எங்களுக்கையாவது நிண்டிருக்கும்," என்றான்.

"தெரியும்."

"கீழை போய் அவளோடை சண்டை பிடிக்கப்போறியே?"

"என்னத்தைச் சொல்லிப் பிடிக்கிறது?"

அவன் மிச்சத்தைச் சாப்பிட்டான். பிறகு இன்னும் ஒரு படிக்கட்டு வேலை கிடைக்குமா என்று கேட்டுப்பார்க்கப் போனான். சறோஜா கட்டிலில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள். அழுகை வரவில்லை. உடம்பில் அதற்குக்கூடத் தெம்பில்லை. அவமானம் மட்டும் இருந்தது, அதற்குத் தெம்பு தேவையில்லை.

பங்குனியின் கடைசி நாள் குருத்தோலை ஞாயிறு. புதுச் சட்டத்துக்கும் அன்றுதான் கடைசி நாள். ஞாயிறாக இருந்தபடியால் உண்மையில் இரண்டு நாளுக்கு முன்னமே அது முடிந்துவிட்டிருந்தது. பூசை முடிந்து சனமெல்லாம் ஒலிவக் கிளையும் குருத்தோலையுமாகக் கோயில் மண்டபத்தில் கூடியது. மேசையில் றோல்ஸ், வடை, பச்சைத்தண்ணிக் குவளைகள். மூலையில் உடுப்பு மூட்டைகள். அபெனாவும் அவளுடைய நாட்டுப் பெண்கள் நாலைந்து பேரும் பளிச்சென்ற தலைப்பாகைகளோடு முன்வரிசையில் இருந்தார்கள். பாதர் அழைத்திருந்தார். உடுப்பு வேண்டாம், சோளம் அரைக்கிற மெஷின்தான் வேண்டுமென்று அபெனா அவரிடம் நேரே போய்ச் சொல்லியிருந்தாள். பாதர் முதலில் முகத்தைச் சுளித்தாராம். பிறகு காணிக்கை முழுவதையும் அதற்கே தருவதாக ஒத்துக்கொண்டாராம். அது நடந்தது நல்லதுதான். யாரால் நடந்தது என்பதைத்தான் பாதர் தன்பாட்டுக்குத் தீர்மானித்துவிட்டார்.

"நாங்கள் பழைய உடுப்பைக் குடுக்க யோசிச்சம்," என்று ஒலிவாங்கியில் சொன்னார். "ஆனால் எங்களிலை ஒருத்தி தன்ரை வீட்டையே குடுத்தவள். வருத்தத்திலை கிடந்துகொண்டு, ஒரு ஏழைச் சகோதரி தலை நிமிரட்டும் எண்டு தன்ரை வாய்க்குப் போறதை எடுத்துக் குடுத்தவள். சறோஜா, இஞ்சை வாங்கோ. எப்பிடி உங்களுக்கு அந்த மனம் வந்தது எண்டு ரெண்டு சொல்லுச் சொல்லுங்கோ."

சனம் கைதட்டியது. ஏர்னஸ்ற் நிலத்தைப் பார்த்தான். பின்வரிசையில் றோசமலர் றெபேக்காவின் தலைமயிரைப் பின்னிக்கொண்டிருந்த கையை நிறுத்தினாள். சறோஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்து போனாள். சும்மா ஒரு நன்றி சொல்லிவிட்டு இறங்கத்தான் நினைத்தாள். ஒலிவாங்கியைப் பிடித்தபிறகு அந்த நன்றி வாயில் வரவில்லை.

"நான் குடுக்கேல்லைப் பாதர்," என்றாள். "அவளை அந்தச் சிஞ்ஞோரா வைச்சிருக்கமாட்டா எண்டு நினைச்சுத்தான் விட்டனான். கறுத்த ஆள், ரெண்டு மாசத்துக்கு மேலை அடுக்கமாட்டினம், என்ரை வீடு எனக்கே இருக்கும் எண்டு. மச்சாளை விட்டால் கடிச்சுப்போடுவாள் எண்டு பயந்து, காகிதம் இல்லாத பிள்ளையை வீட்டுக்கை வைச்சுக்கொண்டு இதைச் செய்தனான். அபெனாவுக்கு எல்லாத்தையும் காட்டேல்லை. தண்ணி மோட்டரை ஒளிச்சனான். அவள் என்னைக் காட்டிக்குடுக்கேல்லை. எனக்கு இதுக்கெல்லாம் கைதட்டாதையுங்கோ. நான் சரியாக் களைச்சுப்போனன்."

குகனேஸ்வரி முந்தானையால் வாயை மூடினாள். பாதர் ஒலிவாங்கியை வாங்கக் கை நீட்டினார், பிறகு கையை எடுத்துக்கொண்டார். தமிழ் ஒரு சொல்லும் விளங்காத அபெனா, தன் பெயர் வந்ததைக் கேட்டு, பேச்சு முடிந்தது என்று நினைத்து, எழுந்து நின்று கைதட்டினாள். அவளைப் பார்த்து அவளுடைய பெண்களும் தட்டினார்கள். வேறு யாரும் தட்டவில்லை. கொஞ்ச நேரத்தில் அவர்களும் நிறுத்தினார்கள்.

அபெனா சுற்றிப் பார்த்துவிட்டு றெபேக்காவைக் கைகாட்டிக் கூப்பிட்டாள். "உன் அம்மா என்ன சொன்னாள்?"

பிள்ளை தாயைப் பார்த்தது. கண்ணெல்லாம் தண்ணீர்.

"சொல்லு," என்றாள் சறோஜா. "ஒண்டையும் மாத்தாமல் சொல்லு."

றெபேக்கா சிசிலிக்காரப் பிள்ளைகளின் இழுவையோடு, தரையைப் பார்த்தபடி, முழுவதையும் சொன்னாள். கறுத்த ஆள் என்ற இடத்தில் மட்டும் குரல் தேய்ந்தது. அபெனா குனிந்து காதைக் கொடுத்துக் கேட்டாள். முடிந்ததும் நிமிர்ந்து, சறோஜாவுக்கு முன்னால் வந்து நின்றாள்.

"இது எனக்கு முதல் நாளே தெரியும்," என்றாள். "கெங்கே கட்டிக்கொண்டிருக்கும்போதே தெரியும். உனக்கு மேலே ஆள் இருக்கும்போது என்னை எதற்குக் கூப்பிடுவாய்?"

"தெரிந்துமா வந்தாய்?"

"தெரிந்துதான் வந்தேன். நல்ல மனம் உள்ளவர்கள் எனக்கு ஐந்து வருடமாக உடுப்புத் தருகிறார்கள். வீடு யாரும் தரவில்லை." கோபமாகச் சொல்லவில்லை. சந்தைக்கு வந்த நேரத்தைச் சொல்வதுபோலச் சொன்னாள். "நீ நல்லவள் என்று காத்திருந்தால் என் மகள் கிழவியாகிவிடுவாள்."

சறோஜாவுக்குத் தையல் போட்ட இடம் இழுத்தது. மேசையைப் பிடிக்கக் கை நீட்டியபோது பின்னால் ஒரு கதிரை உரசி வந்தது. றோசமலர் இழுத்து வந்திருந்தாள். தோளைப் பிடித்து அமர்த்தினாள்.

"இருங்கோ மச்சாள்," என்றாள். இரண்டு மாதத்துக்குப் பிறகு வந்த முதற்சொல். "எனக்கும் பங்குனியோடை பெர்மெஸ்ஸோக் கதை முடிஞ்சுது. இனி ஓடுறதுக்கு ஒரு இடமுமில்லை. ஆறுதலா இருங்கோ."